படம் பெற்ற தலங்கள்: அனிமே காட்சிகளின் நிஜ இடங்களைத் தேடிப் போவது எப்படி?

தேவாரத்தில் பாடப்பட்ட ஊர்களைப் பாடல் பெற்ற தலங்கள் என்கிறோம். அந்தக் கணக்கில், அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் படங்களின் ரசிகர்கள் ஜப்பானில் தேடிப் போகும் இடங்களைப் படம் பெற்ற தலங்கள் என்று சொல்லிவிடலாம். ஜப்பானியர்களும் ஏறக்குறைய அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். 'செய்ச்சி ஜுன்ரேய்' என்பது அவர்கள் வழக்கு: செய்ச்சி என்றால் புனிதத் தலம், ஜுன்ரேய் என்றால் யாத்திரை. ஷிகொக்கு தீவின் 88 கோயில் யாத்திரையை மனதில் வைத்து, அங்குள்ள அனிமே சுற்றுலாச் சங்கம் 88 அனிமே தலங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் அருங்காட்சியகம், கடை எல்லாம் கலந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட காட்சி எந்தத் தெருமுனையிலிருந்து வரையப்பட்டது என்று தேடுகிறவருக்கு அது போதாது.

இந்தப் பயணத்தில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். எந்தக் காட்சி, எந்த இடம், எந்தத் திசையைப் பார்த்து, எந்த நேரத்தில் என்ற நான்கும் கையில் இல்லாமல் போனால், அங்கே கிடைப்பது கால்வலிதான்.

அந்த இடம் உண்மையிலேயே இருக்கிறதா?

சில இடங்கள் அப்படியே வரையப்பட்டவை. தோக்கியோ யோட்சுயாவில் உள்ள சுகா கோயில் படிக்கட்டு அந்த ரகம். சில இடங்கள் ஒட்டுவேலை. 'யுவர் நேம்' என்று உலகம் அறிந்த 'கிமி நோ நா வா' படத்தின் இத்தோமொரி கற்பனை ஊர். தாக்கி என்ற பெயருள்ள நாயகன் அதைத் தேடி இறங்கும் ரயில் நிலையமும், பழைய செய்திகளைத் தேடும் நூலகமும் கிஃபு மாநிலத்தின் ஹிதா-ஃபுருகாவாவில் இருக்கின்றன. மேலிருந்து தெரியும் வட்டமான ஏரியோ நாகானோ மாநிலத்தின் சுவா ஏரியை நினைவூட்டுகிறது. அதைப் பார்க்க ரசிகர்கள் போகும் இடம் தத்தேய்ஷி பூங்கா. படத்தில் ஒரே வட்டாரமாகத் தெரியும் இந்த இரண்டுக்கும் நடுவே ஜப்பான் ஆல்ப்ஸ் மலை நிற்கிறது. ரயிலில் மட்சுமோட்டோ வந்து, அங்கிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம் போல் மலை தாண்டித் தகாயாமா போய், பிறகு ஃபுருகாவா சேர வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் அடைக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

மூன்றாவது ரகம் வெறும் புரளி. தைவானின் ஜியுஃபென் மலைக்கிராமம்தான் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தின் ஊர் என்று அங்குள்ள பலகைகளே சொல்லும். இயக்குநர் ஹயாவோ மியாசாகி அதை மறுத்திருக்கிறார். அழகான ஊர், போகலாம். தலம் என்று நம்பிப் போக வேண்டாம்.

புரளியைப் பிரிக்க ஒரு சோதனை உண்டு. காட்சியில் நகராத மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்: தெரு வளையும் விதம், தடுப்புச்சுவர், தூரத்து மலையின் விளிம்பு போன்றவை. மூன்றும் ஒரே கோணத்தில் பொருந்தினால் அதுவேதான் இடம். ஒன்று மட்டும் பொருந்தினால், ஜப்பானில் அதே மாதிரி ஆயிரம் தெரு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெண்டிங் மெஷின், கடைப்பலகை, மின்கம்பம் மூன்றையும் அடையாளமாக எடுக்காதீர்கள். முதல் இரண்டும் அடிக்கடி மாறும். கம்பத்தை ஓவியர்களே தள்ளி வைத்துவிடுவார்கள்.

ஃப்ரேமைக் கையில் எடுத்துக்கொள்வது

ஃப்ரேம் என்பது காட்சியை ஒரு நொடியில் நிறுத்தி எடுத்த அசையாப் படம். ஒரு படத்துக்கு பத்துப் பதினைந்து ஃப்ரேம் போதும். ஐம்பது எடுத்தால் அங்கே எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. தேர்ந்தெடுக்கும்போது, பாத்திரங்கள் ஓரமாக நின்று பின்னணி அதிகம் தெரியும் நொடியில் நிறுத்துங்கள். கேமரா நகரும் காட்சி என்றால் தொடக்கம், முடிவு இரண்டையும் எடுங்கள். நகரும் காட்சிக்கான பின்னணியை ஓவியர்கள் ஒரே நீள ஓவியமாக வரைவதுண்டு. அதை ஒரே புகைப்படத்தில் அடக்க முடியாது.

ஓடிடி செயலிகளில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பல நேரம் கருப்பாகத்தான் வரும், காப்புப்பூட்டு அப்படி. டிவியில் ஓட விட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியைக் கொண்டு திரையை நேராகப் படம் எடுத்தால் போதும். நிறம் துல்லியமாக வேண்டியதில்லை, கோடுகள் தெரிந்தால் சரி. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் படம், நிமிடம், வரிசை எண் போட்டுப் பெயர் மாற்றிவிடுங்கள். அங்கே போய் முந்நூறு படத்துக்கு நடுவே துழாவுவது கொடுமை. ஃப்ரேம்களை ஏ4 தாளில் நான்கு நான்காக அச்செடுத்துப் போவது இன்னும் நல்லது. வெயிலில் போன் திரை தெரியாது. அதோடு, படம் எடுக்கிற போனிலேயே ஃப்ரேமையும் பார்த்துக்கொண்டிருந்தால் மாற்றி மாற்றித் திறந்தே நேரம் போய்விடும்.

வரைபடத்தில் குத்துவது

ஆங்கிலத்தில் தேடினால் எல்லோரும் போகும் நான்கு இடம்தான் வரும். விக்கிப்பீடியாவில் அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஜப்பானியத்துக்கு மாறுங்கள். மேலே வரும் தலைப்பை நகலெடுங்கள். செய்ச்சி ஜுன்ரேய் என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய எழுத்தாக்கி அதோடு சேர்த்துத் தேடுங்கள். ஃப்ரேமையும் நிஜப் படத்தையும் அருகருகே வைத்து ஜப்பானிய ரசிகர்கள் பதிந்தவை கொட்டும். அவர்கள் இந்த விஷயத்தில் கறார்ப் பேர்வழிகள். ஒரு ஜன்னல் தள்ளியிருந்தாலும் குறிப்பிடுவார்கள். ஃப்ரேம்களை வரைபடத்தில் குத்தி வைத்திருக்கும் அனிதாபி போன்ற தளங்களும் உதவும்.

கிடைத்த இடத்தை கூகுள் மேப்பில் சேமிக்கும்போது கட்டடத்தைக் குறிக்காதீர்கள், நீங்கள் நிற்கப் போகும் இடத்தைக் குறியுங்கள். படிக்கட்டைக் குறித்தால் படிக்கட்டுக்குத்தான் போவீர்கள். ஃப்ரேம் இருபது மீட்டர் தள்ளி, எதிர்த் தெருவிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். குறிப்பில் பார்வைத் திசையையும் எழுதுங்கள்: 'தெற்கு நோக்கி, முழங்கால் உயரம்' என்பது போல. பிறகு ஸ்ட்ரீட் வியூவில் தேதியை மாற்றிப் பழைய காட்சிகளைப் பாருங்கள். படம் வந்த ஆண்டில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இடித்துவிட்ட கட்டடத்தைத் தேடி இரண்டு மணி நேரம் ரயிலில் போவதை இந்தப் பத்து நிமிடம் தடுக்கும்.

திசை தெரிந்தால் வெயில் நேரமும் தெரியும். கிழக்கு நோக்கிய காட்சிக்கு மாலையும், மேற்கு நோக்கியதற்குக் காலையும் நல்ல வெளிச்சம். தெற்கு நோக்கிய காட்சிகள் நாள் முழுக்க எதிர்வெயில்தான். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக ஓடுவதால் இன்னும் மோசம். டிசம்பரில் தோக்கியோவில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும் என்பதையும் திட்டத்தில் சேருங்கள்.

நிற்கும் இடம்: இந்தக் கலையின் உயிர்நாடி

ஃப்ரேமும் படமும் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நிற்கும் இடத்தைச் சரிசெய்யாமல் ஸூம் செய்வது. ஸூம் எல்லைகளை மட்டும்தான் வெட்டும். முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள உறவை உங்கள் கால்தான் மாற்றும். ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் உயரம். ஃப்ரேமில் தொடுவானம் எங்கே என்று பாருங்கள். கடல் தெரிந்தால் சுலபம். தெரியாவிட்டால், தெருவின் இரு பக்கச் சுவர்க்கோடுகளும் நீண்டு போய்ச் சேரும் புள்ளியின் மட்டம்தான் தொடுவானம். சமதரைத் தெருவுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். சரிவுத் தெருவில் சுவரின் அடிக்கோட்டை விட்டுவிட்டு, ஜன்னல்களின் கிடைக்கோடுகளைப் பாருங்கள். அந்த மட்டம் எந்தப் பொருளை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அதுதான் கேமராவின் உயரம். நின்றிருக்கும் பாத்திரத்தின் இடுப்பை வெட்டினால், நீங்களும் கேமராவை இடுப்புக்கு இறக்க வேண்டும். அனிமே ஓவியர்களுக்குத் தாழ்ந்த கோணம் மிகவும் பிடிக்கும். கண் உயரத்திலேயே எடுத்துவிட்டு 'ஏனோ சரியா வரலை' என்று திரும்புகிறவர்கள் பலர்.

அடுத்து இடமும் வலமும். அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று என இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமில் அருகில் உள்ள கைப்பிடியின் முனை தூரத்து வீட்டின் கூரை மூலையைத் தொடுகிறது என்றால், உங்கள் திரையிலும் தொடும் வரை பக்கவாட்டில் நகருங்கள். ஓர் அடி நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். அதற்குப் பிறகு முன்னும் பின்னும்: அருகில் உள்ளது தூரத்தில் உள்ளதைவிட எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்று தாளில் விரலால் அளந்து பாருங்கள். நீங்கள் பின்னால் போகப் போக அந்த விகிதம் குறையும். இவை மூன்றும் அமைந்த பிறகு ஸூம்.

பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 24 முதல் 26 மில்லிமீட்டருக்கு இணையானது. முழுச்சட்டகக் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் கிடைமட்டத்தில் சுமார் 74 பாகை பார்க்கும். 50 மி.மீ. சுமார் 40 பாகை. தெருக்காட்சிகள் பெரும்பாலும் இவற்றுக்கு நடுவே அடங்கிவிடும். போன் தானாக 4:3 அளவில் எடுக்கும், இன்றைய அனிமேயோ 16:9. கேமரா அமைப்பில் முன்பே மாற்றிவிடுங்கள். தொண்ணூறுகளின் டிவித் தொடர்களோ 4:3. 'ஸ்லாம் டங்க்' 1993-இல் தொடங்கியது, அதற்குப் போனின் இயல்பான அளவே சரி.

எல்லாம் செய்தும் ஒரு பக்கம் ஒத்து இன்னொரு பக்கம் ஒவ்வாவிட்டால் உங்கள் தவறில்லை. இரண்டு இடத்திலிருந்து பார்த்ததை ஒரே ஓவியத்தில் சேர்ப்பது ஓவியர்களின் உரிமை. முக்கியமான பாதியைப் பொருத்திவிட்டு நகருங்கள்.

தோக்கியோவில் ஓர் அரை நாள்

பழகுவதற்கு யோட்சுயா சுற்று நல்லது, எல்லாம் நடக்கும் தூரம். ஷினானோமாச்சி நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே 'யுவர் நேம்' படத்தின் நடைமேம்பாலம். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் சுகா கோயில். சிவப்புக் கைப்பிடி உள்ள படிக்கட்டு கோயிலுக்குள் இல்லை, கோயிலுக்குப் போகும் பொதுத் தெருவில் இருக்கிறது. கடைசிக் காட்சியில் ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார். ஆகவே மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என இரண்டு ஃப்ரேம் தேவை. நடுக் கைப்பிடிதான் இங்கே உங்கள் அளவுகோல். அது பின்னால் உள்ள வீடுகளை எந்த இடத்தில் மறைக்கிறது என்று பார்த்தே எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இது குடியிருப்புத் தெரு. படியை ஒட்டியே வீடுகள். படிக்கட்டை அடைத்து நிற்காதீர்கள், மளிகைப் பையோடு வருகிறவர் உங்களுக்காகக் காத்திருக்கும்படி ஆகக்கூடாது. விடியற்காலையில் கூட்டம் இருக்காது, ஆனால் அந்த நேரத்தில் பேச்சுக்குரலே பெரிதாகக் கேட்கும். மேலே போய்க் கோயிலில் கும்பிட்டுவிட்டு இறங்குவது முறை. நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுகா கோயிலிலிருந்து பத்து நிமிடத்தில் யோட்சுயா நிலையம். 'யுவர் நேம்' படத்தில் தாக்கியும் அவனோடு வேலை செய்யும் ஒக்குதேராவும் சந்திக்கும் இடம் அது. பிற்பகலில் அதே படத்தில் வரும், ரொப்பொங்கியில் உள்ள தேசியக் கலை மையத்துக்குப் போகலாம், செவ்வாய் விடுமுறை. ஷின்ஜுகு கியோயென் பூங்கா 2013-இல் வந்த 'கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்' படத்தின் களம். நுழைவு 500 யென், வழக்கமாகத் திங்கள் விடுமுறை. படத்தின் மழைக்கு ஜூன் மாதத் தூறல் வேண்டும், ஜப்பானில் அதுதான் மழைக்காலம். படத்தில் நாயகி மண்டபத்தில் உட்கார்ந்து பீர் குடிப்பார். நிஜத்தில் இந்தப் பூங்காவுக்குள் மது கூடாது. கேனைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டாம்.

கமக்குரா ரயில்வே கேட்

'ஸ்லாம் டங்க்' தொடக்கப் பாடலில் வரும் கேட், எனோடென் ரயில்பாதையில் கமக்குரா-கோகோ-மாயே நிலையத்துக்கு அருகே. தோக்கியோவிலிருந்து யோகொசுகா லைனில் கமக்குரா வரை ஒரு மணி நேரம் போல. அங்கே எனோடெனுக்கு மாறி இருபது நிமிடத்துக்கும் சற்று மேல். எனோடென் மொத்தமே 10 கிலோமீட்டர், 15 நிலையம், பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். 2023 மார்ச்சிலிருந்து 14 நிமிடத்துக்கு ஒரு ரயில். எதிர்த் திசையையும் சேர்த்தால் 14 நிமிடத்தில் இரண்டு வாய்ப்பு. மணி அடித்துத் தடுப்பு இறங்கியதும் தயாராகுங்கள், ரயில் கடப்பது சில நொடிதான். ஷட்டர் வேகம் 1/500 அல்லது மேல், தொடர்ச்சியாக எடுக்கும் பர்ஸ்ட் முறை. பச்சை-மஞ்சள் பழைய ரயில் எல்லாத் தடவையும் வராது. இரண்டு மூன்று ரயில் காத்திருக்க மனம் வேண்டும்.

தொடுவானக் கணக்கு இங்கே கண்முன் நடக்கும். கேட்டுக்கு மேலே சாலை சரிவாக ஏறுகிறது, எதிரே கடல். கீழே நின்றால் கடல்கோடு ரயிலின் ஜன்னல் மட்டத்தில் இருக்கும். கண் மட்டம் ரயிலின் கூரையளவுக்கு உயரும் வரை சரிவில் ஏறினால், கடல்கோடு கூரையில் வந்து உட்காரும். அதையும் தாண்டினால் ரயிலுக்கு மேலே நீலப் பட்டையாகக் கடல் தெரியும். உங்கள் ஃப்ரேமில் எது என்று பார்த்து, அந்த அடியில் நில்லுங்கள்.

தெற்குப் பார்த்த இடம் என்பதால் நண்பகலில் கடல் வெள்ளையாக வெளுத்துவிடும். காலையில் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்போது கடலுக்கு நிறம் இருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் பள்ளி நாளில் காலை என்பது கமக்குரா உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் வரும் நேரம். அவர்களைப் படம் எடுப்பதும் பள்ளிக்குள் நுழைவதும் கூடவே கூடாது. விடுமுறை நாளின் விடியற்காலைதான் உத்தமம்.

இந்த இடத்தின் பெரிய பிரச்சினை கூட்டம். நல்ல கோணத்துக்காகச் சாலை நடுவில் இறங்கி நிற்பவர்களால் வாகனங்கள் தவிக்கின்றன. ஒழுங்குபடுத்தக் காவலர்களும் நிற்கிறார்கள். நடைபாதையிலிருந்து இறங்காதீர்கள். கோணம் ஓர் அடி தள்ளிப் போனால் போகட்டும்.

ஹிதா-ஃபுருகாவா

நகோயாவிலிருந்து ஹிதா விரைவு ரயிலில் தகாயாமா சுமார் இரண்டு மணி இருபது நிமிடம், அங்கிருந்து ஃபுருகாவா இன்னும் பதினைந்து நிமிடம். எல்லா ஹிதாவும் ஃபுருகாவா வரை போகாது. தகாயாமாவில் இறங்கினால் உள்ளூர் ரயில் அபூர்வம், நோஹி பேருந்தில் அரை மணி நேரம். நாளுக்கு எத்தனை ரயில், கடைசி எப்போது என்று முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தோக்கியோ பழக்கத்தில் 'அடுத்தது அஞ்சு நிமிஷத்துல வரும்' என்று நிலையத்துக்கு வந்து நிற்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இன்னொரு பொறி: நகோயாவில் சூயிக்கா அட்டையை (முன்பணம் போட்டு வைக்கும் பயண அட்டை) தட்டி உள்ளே போனால் ஃபுருகாவாவில் வெளியே வர முடியாது. அட்டை செல்லும் எல்லைக்கு வெளியே இருக்கிறது இந்த ஊர். காகித டிக்கெட் வாங்குங்கள்.

நிலையத்தின் அருகே தண்டவாளத்துக்கு மேலே செல்லும் நடைபாலம்தான் முதல் ஃப்ரேம்: மேலிருந்து நடைமேடை, நிற்கும் விரைவு ரயில். வலைக்கம்பி, கண்ணாடி இருந்தால் லென்ஸை ஒட்டிப் பிடித்தால் மறைந்துவிடும். ரயில் வரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஏறிவிடுங்கள். ஒன்று மட்டும் இனி பொருந்தாது: படத்தில் நிற்பது கிஹா 85 ரக ரயில். 2022 ஜூலையில் எச்.சி. 85 என்ற புதிய கலப்பின ரயில் வந்தது. 2023 மார்ச்சோடு பழையது இந்தப் பாதையிலிருந்து விடைபெற்றுவிட்டது. 2016-இல் திரையில் பார்த்த முகத்தை இங்கே தேடி ஏமாறாதீர்கள்.

ஹிதா நகர நூலகம் நடக்கும் தூரத்தில். உள்ளே படம் எடுக்க விடுகிறார்கள். ஆனால் முதலில் முகப்பு மேசையில் சொல்ல வேண்டும், வாசகர்கள் யாரும் படத்தில் விழக்கூடாது, ஃபிளாஷ் கூடாது. திங்கள் விடுமுறை. நூலகத்தில் இருபது பேர் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் ஃப்ரேமுக்கு ஆளில்லாத மேசை கிடைக்காது. திறந்தவுடன் போய்ப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவது மரியாதை.

ஊர் ஓரத்தில் கெத்தா-வகாமியா கோயில். இந்தக் கோயிலின் ஃபுருகாவா திருவிழா ஏப்ரல் 19, 20 தேதிகளில் நடக்கும், 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தேர்த் திருவிழாக்களில் ஒன்று. அந்த இரண்டு நாளும் அறை கிடைக்காது. திருவிழாவே வேண்டும் என்றால் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ஃப்ரேம் மட்டும் வேண்டும் என்றால் அந்த வாரமே வேண்டாம்.

கொஞ்சம் தள்ளி இருப்பவை

ஷிகா மாநிலத்தின் தொயொசாத்தோ பழைய தொடக்கப்பள்ளியைத் தவற விடாதீர்கள். 1937-இல் வில்லியம் மெரல் வோரிஸ் வடிவமைத்த கட்டடம். 2000-களின் தொடக்கத்தில் இடிக்கப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். 2009-இல் வந்த 'கே-ஆன்!' தொடரின் பள்ளி இதுதான். நுழைவு இலவசம். படிக்கட்டின் மரக் கைப்பிடியில் வெண்கல முயலும் ஆமையும் ஏறிப்போகும். கீழே இரண்டும் ஒன்றாகக் கிளம்பும், நடுவில் முயல் தூங்கும், உச்சியில் ஆமை மட்டும் இருக்கும். தொடரில் பாத்திரங்களின் பாதங்கள் அந்தக் கைப்பிடியை ஒட்டியே ஓடும். ஆகவே இங்கே கேமரா உங்கள் தோளுக்கு வேண்டாம், கைப்பிடியின் மட்டத்துக்கே இறக்குங்கள். மாடியில் இசைக்குழுவின் அறையில் ரசிகர்கள் தேநீர்க் கோப்பைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். இடம் மாற்றி வைக்காதீர்கள். ஓமி ரயில்வேயில் தொயொசாத்தோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

சிச்சிபு, இக்கெபுக்குரோவிலிருந்து செய்பு விரைவு ரயிலில் சுமார் 80 நிமிடம். 2011-இல் வந்த 'அனோஹனா' தொடரின் பழைய சிச்சிபு பாலம் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். அதில் வரும் ஜோரின்-ஜி கோயில் கருணைத் தெய்வமான கண்ணோனுக்குரிய சிச்சிபு 34 கோயில் யாத்திரையின் 17-ஆவது தலம். உங்களுக்கு முன்னால் நிற்கும் வெள்ளை அங்கி முதியவரும் யாத்திரைக்காரர்தான், வழி விடுங்கள்.

ஓஆராய் 2011 சுனாமியில் அடிபட்ட துறைமுக ஊர். அடுத்த ஆண்டே இந்த ஊரைக் களமாகக் கொண்ட 'கேர்ள்ஸ் உண்ட் பான்ஸர்' தொடர் வந்தது. கடைக்குக் கடை பாத்திரங்களின் ஆளுயர அட்டைகள் நிற்கும். அட்டையோடு படம் எடுத்துவிட்டு நகர்வதைவிட, அந்தக் கடையில் ஏதாவது வாங்குவது அங்குள்ள எழுதாத சட்டம். உவேனோவிலிருந்து மித்தோ விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு கஷிமா ரின்காய் ரயிலில் கால் மணி நேரம்.

பணம், விசா, பை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் குறுகிய சுற்றுலாவுக்குத் தேவையில்லை. விசாவுக்கான நாள்வாரித் திட்டத்தில் இந்த ஊர்ப் பெயர்களையே நேர்மையாக எழுதலாம், 'சுற்றிப் பார்த்தல்' என்பது போதுமான காரணம்.

ஜேஆர் நிறுவன ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்குச் சுற்ற உதவும் ஜேஆர் பாஸைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது பழைய காலம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. தோக்கியோவிலிருந்து நகோயா ஒரு வழி சுமார் 11,000 யென், நகோயாவிலிருந்து ஃபுருகாவா சுமார் 6,500. போய் வர 35,000-க்குள் முடிகிறது. இந்த வழிக்குத் தனித்தனி டிக்கெட்டே மலிவு. தோக்கியோ, கமக்குரா, சிச்சிபு எல்லாவற்றுக்கும் சூயிக்கா அட்டை போதும்.

பையில் 10,000 மில்லிஆம்பியர்-மணி பவர்பேங்க், அச்செடுத்த ஃப்ரேம், குடை, சில்லறைக் காசு, குப்பைக்கு ஒரு காலிப் பை. தெருவில் குப்பைத்தொட்டி கிடைக்காது. டிரைபாட் வேண்டாம். தெருவிலும் கோயிலிலும் இடைஞ்சல், நடைமேடையில் ஆபத்து. செல்ஃபி ஸ்டிக்கையும் நடைமேடையில் நீட்டாதீர்கள், மேலே ஓடுவது மின்கம்பி. ஒரு நாளுக்கு இரண்டு ஊருக்கு மேல் போடாதீர்கள், நடை மட்டுமே 20,000 அடியைத் தாண்டும்.

கடைசியாக வஷினோமியா

இந்த வழக்கமே ஊருக்கு என்ன செய்யும் என்று பார்க்க சைத்தாமா மாநிலத்தின் வஷினோமியா கோயிலுக்குப் போக வேண்டும். 2007-இல் இந்தக் கோயில் இடம்பெற்ற 'லக்கி ஸ்டார்' தொடர் வந்ததும், அடுத்த புத்தாண்டுக்கு மூன்று லட்சம் பேர் திரண்டார்கள். ஊர்க்காரர்கள் விரட்டவில்லை. 2008 முதல் ஊர்த் திருவிழாவில் 'லக்கி ஸ்டார்' பல்லக்கும் சேர்ந்து வந்தது. முகப்பிலிருந்த தோரி வாயில் 2018 ஆகஸ்டில் சரிந்து விழுந்தது. 2021 டிசம்பரில் புதியது எழுந்தது. பழைய ஃப்ரேமை எடுத்துப் போனால் இரண்டு வாயிலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உள்ளே எமா எனப்படும் வேண்டுதல் பலகைகள் தொங்கும். பாதியில் பாத்திரங்களைக் கையால் வரைந்திருப்பார்கள், சில அச்சு அசலாக இருக்கும். பலகையைக் கோயில் கடையில் வாங்கி எழுதலாம். நீர்ப்பேனா மரத்தில் ஊறிப் படரும், நுனி மெல்லிய நிரந்தர மார்க்கர் இரண்டு எடுத்துப் போங்கள். பலர் எமாவில் முழுப்பெயரும் முகவரியும் எழுதியிருப்பார்கள். அருகில் போய்ப் படம் எடுத்தால், இணையத்தில் போடுமுன் அதை மறைத்துவிடுங்கள். தமிழில் எழுதினால் ஜப்பானியர்கள் நின்று பார்ப்பார்கள், என்ன மொழி என்று கேட்டாலும் கேட்பார்கள். 'தமிழ்-கோ' என்றால் புரிந்துகொள்வார்கள். கோ என்றால் மொழி.